நெருப்பு மலையில் விதை

திருவண்ணாமலையில் ஒரு பூவுக்குத் தண்டனை கிடைத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தார். விஷ்ணு பன்றியாகி அடியைத் தேடிப் பூமியைக் குடைந்தார். இருவருக்கும் அகப்படவில்லை. விஷ்ணு தோல்வியை ஒப்புக்கொண்டு திரும்பிவிட்டார். பிரம்மாவுக்கு மட்டும் மனம் வரவில்லை. மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு தாழம்பூவைப் பிடித்து, "நான் முடியைக் கண்டதாகச் சொல்" என்று கேட்டுக்கொண்டார். பூவும் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து சிவபூஜைக்குத் தாழம்பூ ஆகாது.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குத் தாழம்பூவின் மேல் இரக்கம்தான் உண்டாயிற்று. பெரியவர்கள் சொல்லச் சொன்ன பொய்யைச் சொன்ன குழந்தையைப் போல அது அகப்பட்டுக்கொண்டதே என்று நினைத்தேன். வயதான பிறகு வேறொரு சந்தேகம் வந்தது. தாழம்பூவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, அந்த மலையில் உண்மையாகவே பூத்த பூக்கள் எவை? அவை இப்போது எங்கே?

இந்தச் சந்தேகம் எனக்கு வீட்டுச் சாய்வு நாற்காலியில் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாசி மாதத்துக் காலை வேளையில், மலைச் சரிவில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. என்னைச் சுற்றிலும் கரி. முதல் நாளோ அதற்கு முந்தின நாளோ அங்கே நெருப்புப் பரவியிருக்க வேண்டும். பாறைகளின் முதுகெல்லாம் கறுத்திருந்தது. நடந்தால் செருப்பின் அடியில் சாம்பல் புகைந்தது. கொஞ்ச தூரத்தில், எரியாமல் தப்பிய ஓரத்தில், ஒரு கிழவி புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாமி, அப்பிடிப் பாக்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லே பாட்டி. இப்படி எரிஞ்சு கெடக்கேன்னு பார்த்தேன்."

"வருசா வருசம் எரியறதுதானே. எவனாச்சும் பீடியப் போட்டுட்டுப் போவான். எரிஞ்சா எரியட்டும் சாமி. கருகின எடத்துலதான் மழ வுழுந்தா தளதளன்னு புல்லு வரும். ஆட்டுக்கு ஆச்சு, கூரைக்கும் ஆச்சு."

"மரம்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மரமா? மலைன்னா கல்லும் புல்லுந்தான் சாமி. எங்க பாட்டி காலத்துலேருந்து அப்பிடித்தான்."

பாட்டியின் பாட்டி காலம்! சுமார் 100 வருஷம். ஊர் ஞாபகத்தின் எல்லை அவ்வளவுதான் போலும். அதற்கு அப்பால் இருப்பதைப் புராணம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் புராணத்துக்கும் பாட்டிக்கும் நடுவே ஒரு நீண்ட காலம் கிடக்கிறதே? அதைத்தான் சரித்திரம் என்கிறோம். அந்தக் காலத்தில் இந்த மலை எப்படி இருந்தது?

நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சி கவிஞர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அண்ணாமலைக்கு இரண்டு பதிகங்கள் பாடியிருக்கிறார். அவற்றில் அருவிகள் மத்தளம் போல முழங்குகின்றன. மயில்கள் பேடைகளோடு வாழ்கின்றன. குரங்கு மாம்பழத்தைப் பறித்துக்கொண்டு விட்ட கிளை மேலே எழும்பி மேகத்தைத் தொட, தூறல் சிதறுகிறது. ஆமா என்னும் காட்டு மாடு சோலையில் வந்து தங்குகிறது.

"கவிஞர் பேச்சை நம்பலாமா? மலை என்றால் அருவி, அருவி என்றால் மயில் என்று பாடுவது மரபுதானே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த இரகசியம் நன்றாகவே தெரியும். ஆற்றங்கரையைப் பார்க்காமலே ஆற்றங்கரையை வர்ணிக்க எங்களால் முடியும். ஆகையால் கவிஞரின் சாட்சியத்தைத் தனியாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். வேறு சாட்சி இருந்தால் சேர்த்துக்கொள்வோம்.

கோயில் கல்வெட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாமா? சோழர் காலம் முதல் விஜயநகரக் காலம் வரைக்கும் நம்முடைய மன்னர்கள் கல்லில் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் 'திருநந்தவனம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். பூந்தோட்டத்துக்கு நிலம் விட்டவர்கள், தண்ணீர் இறைக்க ஆள் வைத்தவர்கள், மாலை கட்ட மானியம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் கல்லில் இடம் உண்டு. மலையில் தானாகப் பூத்த பூவுக்கு மட்டும் யாரும் சாசனம் எழுதவில்லை. அது எழுதுகிறவர்களின் குற்றமல்ல. இருக்கிற வரையில் அதைப் பற்றி ஏன் எழுதப் போகிறார்கள்? வாசலில் ஓடும் ஆற்றைப் பற்றிப் பத்திரம் எழுதி வைப்பார் உண்டா?

ஆகவே பாறையை விட்டு மனிதர்களிடம் வருவோம்.

1896 செப்டம்பர் 1-ம் தேதி, பதினாறு வயதுப் பையன் ஒருவன் வீட்டை விட்டு ஓடிவந்து திருவண்ணாமலை ரெயில் நிலையத்தில் இறங்கினான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். 1899 முதல் 1916 வரை அவர் விரூபாக்ஷ குகையில் வசித்தார். பிறகு 1922 வரைக்கும் அதற்கு மேலே ஸ்கந்தாசிரமத்தில். அந்தக் காலத்தைப் பற்றி உடன் இருந்தவர்கள் சொன்ன நிகழ்ச்சிகள் பல அச்சாகியிருக்கின்றன. பக்தர்கள் அவற்றை வேறு காரணத்துக்காகப் படிக்கிறார்கள். நாம் மலையைத் தெரிந்துகொள்ளப் படிப்போம். சுனையில் தண்ணீர் குடிக்கச் சிறுத்தை வந்து போயிற்று என்பது ஒன்று. ஓடைத் தண்ணீரில் மிதந்து வந்த ஒரு பிரம்மாண்டமான ஆலிலையைக் கண்டு, அந்த மரத்தைத் தேடி அவர் போனபோது ஒரு புதரில் கால் பட்டு, அங்கிருந்த குளவிக் கூட்டம் தொடையெல்லாம் கொட்டித் தீர்த்தது என்பது மற்றொன்று. புதருக்குள் குளவிக் கூடு மறைந்திருக்கிறது. எங்கோ பெரிய ஆலமரம் நிற்கிறது. சிறுத்தை ஒளிய இடம் இருக்கிறது. ஓடைப் பள்ளங்களிலாவது காடு மிச்சம் இருந்திருக்கிறது என்று தெரிகிறது அல்லவா?

ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஸ்கந்தாசிரமம் என்ற பெயர் வந்ததே கந்தசாமி என்ற பக்தரால்தான். அவர் அந்த இடத்தைச் சீர்படுத்தியபோது வெட்டி எறிந்தது சந்தனக் காட்டையோ தேக்குக் காட்டையோ அல்ல, சப்பாத்திக் கள்ளியை. அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளி! காடு போன இடத்தில், ஆடு மேய்ந்து மொட்டையான இடத்தில்தான் அது முதலில் கால் வைக்கும். ஆக, 1916-க்கு முன்பே மலையின் மேனியில் பெரும்பகுதி போய்விட்டது.

யார் கொண்டுபோனார்கள்? ஒருவரைக் காட்டிக் குற்றம் சாட்ட முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. செங்கம் கணவாய்க்கு வாசலில் கோட்டை மாதிரி மதில் சூழ்ந்த கோயில் ஒன்று இருந்தால் படைகள் சும்மா விடுமா? 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படை ஒரு பக்கமாக முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் மோதினார்கள். பிற்பாடு திப்பு சுல்தான் ஊரைப் பிடித்தார். சரித்திரப் புத்தகங்கள் எத்தனை பீரங்கி என்று கணக்குச் சொல்லும். எத்தனை வண்டி விறகு, எத்தனை கட்டுப் புல் என்று சொல்லாது. ஆனால் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அடுப்பு மூட்டாமலா சாப்பிட்டார்கள்? குதிரைகளும் மாடுகளும் காற்றையா தின்றன? பக்கத்தில் இருந்தது மலைதான்.

அதற்குப் பின் சமாதானம் வந்தது. காட்டுக்கு யுத்தத்தைக் காட்டிலும் சமாதானம் பொல்லாதது. ஊர் பெருகிற்று. 1856-ல் சென்னை ராஜதானிக்குக் காட்டு இலாகா ஏற்பட்டு, டாக்டர் கிளெக்ஹார்ன் அதன் முதல் தலைவரானார். தென்னிந்தியக் காடுகளைப் பற்றி 1861-ல் அவர் வெளியிட்ட புத்தகத்திலேயே ரெயிலுக்கு வேண்டிய விறகையும் தண்டவாளக் கட்டைகளையும் பற்றிய கவலை இருக்கிறது. அந்தக் காலத்து எஞ்சின்கள் பல விறகு தின்று ஓடியவை. 1882-ல் காட்டுச் சட்டம் வந்தது. 1891-ல் விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குத் திருவண்ணாமலை வழியாக ரெயில் ஓடத் தொடங்கிற்று. அண்ணாமலையை எஞ்சின் தின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஊரின் அடுப்பும், ஆடும், கூரையும் சேர்ந்து அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு வந்துவிட்டன என்பதுதான் உண்மை. தலைச்சுமை விறகுக்காரியை யார் கோபிப்பது? அவள் இறக்கிய விறகில் வெந்த சோற்றைத்தான் ஊர் சாப்பிட்டது.

மரம் போனதும் புல் வந்தது. இங்கேதான் மலையின் துயரக் கதை ஆரம்பமாகிறது.

திருவண்ணாமலைப் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 40 அங்குலம் மழை பெய்யும். அதில் நல்ல பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். அந்த ஈரத்தில் வாசனைப்புல் ஆள் உயரம் எழும்பும். தை மாதத்தில் காய்ந்து சருகாகும். மாசி முதல் ஆனி வரைக்கும் ஒரு நெருப்புப் பொறி போதும். புல்லின் உயிர் வேரில் இருக்கிறது. மேலே எரிந்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி தழைத்துவிடும். மரக்கன்றின் உயிரோ தண்டில் இருக்கிறது. முழங்கால் உயரக் கன்று ஒரு தீயில் போய்விடும். ஒவ்வொரு தீயும் புல்லுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு புல்லும் அடுத்த தீக்கு விறகு சேர்த்து வைக்கிறது. இரண்டும் மாமன் மைத்துனன் மாதிரி ஒன்றுக்கொன்று ஒத்தாசை. கிழவி சொன்னது பொய்யல்ல. கருகின இடத்தில் புல் தளதளவென்று வரத்தான் செய்யும். புல்லைத் தவிர வேறொன்றும் வராது என்பதை அவள் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. வேறொன்றை அவள் பார்த்ததில்லை.

இந்தச் சக்கரத்தை நிறுத்த முதலில் முனைந்தவர் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இந்த ஊரிலே தங்கிவிட்ட அபீதா அருணகிரி. அபீதகுசாம்பாள் என்பது நம் உண்ணாமுலை அம்மன்தான். அம்மன் பெயரைச் சூடிக்கொண்ட அந்த அம்மாள், 1980-களின் பிற்பகுதியில் தம்முடைய தாய்நாட்டில் மழைக்காடுகளைக் காப்பாற்றப் போராடி வந்த ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய பெயர் ஜான் ஸீட். 'ஸீட்' என்றால் விதை! நான் கதையில் இப்படி ஒரு பெயர் வைத்திருந்தால் பத்திரிகை ஆசிரியர், "ஸார், கொஞ்சம் மிகையாக இருக்கிறதே" என்று அடித்துவிட்டிருப்பார். சரித்திரத்துக்கு ஆசிரியர் இல்லாததால் அது பிழைத்தது.

மழைக்காட்டுக்காரருக்கும் வறண்ட மலைக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் கடிதம் வேலை செய்தது. அங்கே பணம் திரட்டினார்கள். ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் உதவித்தொகையும் வந்தது. 1988-ல் அண்ணாமலைக் காடு வளர்ப்புச் சங்கம் பிறந்தது. நாற்றுப்பண்ணைக்கு இடம்? கோயிலே இடம் கொடுத்தது. வெளி மதிலுக்கும் உள் மதிலுக்கும் நடுவே பாழாய்க் கிடந்த வெளியில் கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. 217 அடி ராஜகோபுரத்தின் நிழலில், மூன்று நான்கு இலை விட்ட பிள்ளைகள்! கிருஷ்ணதேவராயர் அந்தக் கோபுரத் திருப்பணியைத் தொடங்கியபோது இதையெல்லாம் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனால் மகிழ மரத்தைத் தல விருட்சமாகக் கொண்ட கோயில் மலைக்குத் தாய்வீடாக இருந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

விதை விதைப்பது என்றால் கையை வீசிவிட்டு வருவது என்று நாம் நினைக்கிறோம். ஒவ்வொரு விதைக்கும் ஒரு குணம், ஒரு பிடிவாதம் உண்டு. வேப்பங்கொட்டைக்குப் பொறுமை கிடையாது. ஆனி ஆடியில் பழம் விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணில் போட வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்தால் செத்துப்போகும். நாவல் அதைவிட அவசரக்காரன். சரக்கொன்றையோ நேர் எதிர். அதன் விதைக்குக் கல் போன்ற தோல். வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். தோலைச் சுரண்டியோ வெந்நீரில் நனைத்தோ எழுப்பினால்தான் கண் திறக்கும். ஆலும் அரசும் மனிதன் கையை மதிப்பதே இல்லை. பறவை தின்று கழித்த விதை சுவர் வெடிப்பில் முளைத்துவிடும். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கக் கோயிலில் ஆள் வைக்கிறார்கள். மலையில் அதே கன்றை நட இன்னொரு இடத்தில் ஆள் வைக்கிறார்கள். உலகத்தின் விசித்திரம்!

சரி, எந்த விதையைப் போடுவது? இந்தக் கேள்வியில்தான் சரித்திரம் மறுபடி வந்து நிற்கிறது. பச்சையாக இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் செய்த தவறு நீலகிரியில் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே மேல்மலையில் இருந்த புல்வெளி காடு அழிந்து வந்ததல்ல. அதுதான் அந்த மலையின் சொந்த உருவம். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல், புல்லின் நடுவே 12 வருஷத்துக்கு ஒரு தடவை குறிஞ்சி. வெள்ளைக்காரத் துரைகள் அதை வெற்றிடம் என்று எண்ணிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைல மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். இப்போது சீகையைப் பிடுங்கிவிட்டுப் பழைய புல்லின் விதையைத் தேடிச் சேர்த்து விதைக்கிறார்கள். ஒரு மலைக்கு மருந்தானது இன்னொரு மலைக்கு நஞ்சு. மலை எதுவாக இருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது.

அண்ணாமலை எதுவாக இருந்தது? இங்கே நமக்கு மூன்றாவது சாட்சி கிடைக்கிறது. எழுத்தில்லாத சாட்சி. சோழமண்டலக் கரையோரத்திலும் அதையொட்டிய உள்நாட்டிலும் ஒரு காலத்தில் தனியான ஒரு காடு இருந்தது. உயரமில்லாத, நெருக்கமான, கோடையிலும் இலை உதிர்க்காத காடு. வறண்ட பசுமைக் காடு என்று சொல்லலாம். இன்று அதன் துண்டுகள் சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாத கோயில் காடுகளில்தான் அகப்படும். புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அப்படி ஒன்று. 1968-ல் செம்மண் பொட்டலில் தொடங்கிய ஆரோவில்காரர்கள் அதைப் போன்ற காடுகளிலிருந்துதான் விதை பொறுக்கி, பிச்சாண்டிக்குளம் முதலிய இடங்களில் அந்தப் பழைய காட்டை மறுபடி உண்டாக்கினார்கள்.

புத்துப்பட்டுக் காட்டில் நிறைந்து நிற்கும் மரம் எது தெரியுமா? காயா! 'காயாம்பூ வண்ணன்' என்று பெருமாளைச் சொல்கிறோமே, அந்தக் காயாவேதான். வாயால் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சிறு மரம். பூக்கும் காலத்தில் கிளையோடு ஒட்டிக்கொண்டு நீலமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். முதன்முறையாக அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. உவமை மட்டும் மொழியில் தங்கிவிட்டது. உவமைக்கு உரிய பூவைத் தொலைத்துவிட்டோம். அப்படியானால் கவிஞர் பேச்சை நாம் சந்தேகித்தது எவ்வளவு தூரம் நியாயம்? பொய் சொன்னது கவிஞரா, அல்லது சாட்சியை அழித்துவிட்டு அவரைப் பொய்யராக்கிய நாமா?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1930-களிலிருந்து 50 ஆண்டுகளுக்குள், காட்டுப் பூக்கள் நிறைந்த பழைய புல்வெளிகளில் நூற்றுக்கு 97 பங்கு உழவிலும் உரத்திலும் மறைந்துபோயிற்று. அங்கே மிரியம் ராத்ஸ்சைல்டு என்று ஒரு சீமாட்டி இருந்தார். 1908-ல் பிறந்து 2005-ல் மறைந்தவர். தெள்ளுப்பூச்சிகளைப் பற்றி உலகத்திலேயே பெரிய நிபுணர் என்றால் நம்புவீர்களா? வயதான காலத்தில் அவருக்குக் காட்டுப் பூக்களின் மேல் ஆசை விழுந்தது. விதை சேகரித்துத் தம் நிலத்திலேயே விதைத்துப் பெருக்கி, விதைக் கலவை ஒன்றைத் தயார் செய்து, அதற்கு 'விவசாயியின் துர்ச்சொப்பனம்' என்று பெயர் வைத்தார். கோதுமை வயலில் களை என்று பிடுங்கிப் போட்ட பூக்களெல்லாம் அதில் இருந்தன!

அங்கே கற்றுக்கொண்ட பாடம் வேடிக்கையானது. காட்டுப் பூவுக்கு எரு போடக் கூடாது. எரு போட்டால் புல் கொழுக்கும். பூ திணறிப் போகும். மண் ஏழையாக இருந்தால்தான் பூவுக்குச் செல்வம். புல்லை அடக்க அவர்களுக்கு ஒரு சிறு செடி துணை செய்கிறது. காய்ந்த காயை ஆட்டினால் கிலுகிலுப்பை போல ஒலிக்கும். வேரால் புல்லின் வேரைக் கடித்து அதன் சாற்றைத் திருடும். புல் மெலிந்ததும் நடுவில் விழுந்த விதைகள் தலையெடுக்கின்றன. அங்கும் சரி, இங்கும் சரி, பூ வருவதற்கு முன்னால் புல்லின் கொட்டத்தை அடக்க வேண்டியிருக்கிறது. அண்ணாமலையில் அந்தக் காரியத்தைச் செய்வது நிழல். மரம் தலைக்கு மேல் கூடினால் புல் தானாகவே நலிகிறது. புல் நலிந்தால் தீ நடக்க வழியில்லை. அப்புறம் புதரும் கொடியும் சின்னஞ்சிறு பூண்டுகளும் பறவைகளின் தயவில் தாங்களே வந்து சேர்ந்துகொள்கின்றன.

ஆனால் அந்த நிழல் உண்டாகும் வரையில்? பத்து வருஷமோ பதினைந்து வருஷமோ கன்று பிழைத்திருக்க வேண்டுமே? அங்கேதான் பல முயற்சிகள் உடைந்தன. நடுவது ஒரு நாள் திருவிழா. படம் எடுப்பார்கள், பேசுவார்கள், போய்விடுவார்கள். மாசி மாதத் தீ வரும்போது மலையில் யாரும் இருக்க மாட்டார்கள். கன்றுகள் கணக்கில் இருக்கும், மலையில் இருக்கா.

பிற்பாடு இந்த வேலையை எடுத்துக்கொண்ட 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளையினர் அதைப் புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. நடுவதற்குக் கொடுத்த கவனத்தைக் காவலுக்கும் கொடுத்தார்கள். மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கியதும் சரிவுகளில் பல கிலோமீட்டர் தூரத்துக்குப் புல்லை அறுத்து அகலமான வெறும் தடம் போடுகிறார்கள். தீ வந்தால் அந்தத் தடத்தில் தின்ன ஒன்றுமில்லாமல் நின்றுவிடும். கோடை முழுவதும் மலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். புகை கண்டால் உள்ளூர் இளைஞர்கள் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இரவானாலும் ஓடத்தான் வேண்டும். 2009-ல் அவர்கள் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மழைக்காலத்தில் கன்று நடப் போகிறார்கள். நம் காலத்தில் பள்ளிக்கூடத்தில் மரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள், மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். மரத்தை மட்டும் காட்டவில்லை.

இன்று கிரிவலம் போகிறவர்கள் 14 கிலோமீட்டர் சுற்றும்போது தலை நிமிர்ந்து பார்த்தால், முன்பு வெறும் பாறையாகத் தெரிந்த சில சரிவுகள் கறும்பச்சையாகத் தெரியும். எல்லாச் சரிவும் அல்ல. வேலை பாதிகூட முடியவில்லை.

அது அழகுக்காக மட்டும் செய்கிற வேலையும் அல்ல. 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் தீபத்தன்று பக்தர்கள் யாரையும் மலையேற விடவில்லை. கொப்பரையையும் நெய்யையும் சுமந்து செல்கிறவர்கள் மட்டும் போனார்கள். மரம் நின்றிருந்தால் மண் விழுந்திராது என்று துணிந்து சொல்ல நான் நிபுணன் அல்ல. அவ்வளவு மழைக்கு எதுவும் தாங்காமல் போயிருக்கலாம். ஆனால் வேர் இல்லாத மண்ணைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலையைக் கடவுள் என்று கும்பிடுகிற நாம், அதன் காலடியில் வீடு கட்டி, அதன் தலையில் தீ வைத்து, அது அசையாமலே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

புல் அறுத்த கிழவியை நான் மறக்கவில்லை. மலையைப் பச்சையாக்குகிறவர்கள் அவளை மறந்தால் மலை நிலைக்காது. அவளுடைய ஆட்டுக்குத் தழை வேண்டும். அவள் பேரனுக்குக் கூலி வேண்டும். 1988-ல் தொடங்கியவர்கள் உள்ளூர் மக்களையே நாற்று வளர்க்கப் பழக்கி வேலைக்கு வைத்துக்கொண்டது அதனால்தான் சரியான காரியம். தடம் போடப் புல் அறுக்கும் அரிவாளும் அவள் கையிலிருந்த அரிவாளும் ஒன்றேதான். அதற்குக் கூலி கொடுத்தால் மலையின் பகைவன் என்று நாம் பெயர் வைத்தவளே அதன் காவல்காரியாகிவிடுகிறாள்.

நம் புதர்க்காடுகளில் பூக்கும் செங்காந்தளுக்கு அக்கினிசிகை என்று ஒரு பெயர் உண்டு. நெருப்புக் கொழுந்து போலவே இருக்கும். மழை ஓய்ந்தால் கொடி முழுவதும் காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் படுத்திருக்கும். மேலே கோடையும் தீயும் நடந்து போகும். அது காத்திருக்கும். மழை விழுந்ததும் தலையை நீட்டும்.

திருவண்ணாமலைக்குப் போனால் கார்த்திகை தீபத்தைப் பார்க்கிறோம்; கைகூப்புகிறோம். மலையுச்சியில், ஏறக்குறைய 2,670 அடி உயரத்தில், அன்று ஒரு தீ எரிகிறது. அது எரிய வேண்டிய தீ. மற்ற நாட்களில் வேறெந்தத் தீயும் அங்கே எரியாமல் பார்த்துக்கொள்ளச் சிலர் பச்சைத் தழையோடு விழித்திருக்கிறார்கள். அடுத்த முறை மாசி மாதத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். தீபம் இருக்காது, கூட்டம் இருக்காது. சரிவில் எங்காவது முழங்கால் உயரத்தில் ஒரு காயாங்கன்று நிற்கும். அதைச் சுற்றிப் புல்லை அறுத்து வைத்திருப்பார்கள்.